தோள் கொடுத்த நன்மை

இன்று கல்முனை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முப்பது வருடம் டிவி நாடகங்களில் நடித்தவன் நான். தொப்பியைச் சரிசெய்து, அவருக்கு வசதியாக முகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"தம்பி, படத்துக்கு மையத்தாக் கிடந்த பொடியன் நீங்கதானே?" என்றார்.

அது என் முதல் படம். ஐம்பதுகளில் கொழும்பிலிருந்து வந்து எங்கள் ஊரில் எடுத்தார்கள். "என்ன நடந்தாலும் அசையாதே" என்று சொல்லி, டைரக்டர் என்னைப் பிணமாகச் சந்தூக்குப் பெட்டியில் கிடத்தினார். நான்கு நடிகர்கள் தூக்கினார்கள்.

தெருவில் ஜனாஸா போனால் நம்மவர்கள் சும்மா நிற்பார்களா? நன்மை கிடைக்கும் என்று ஓடிவந்து ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்தார்கள். நடிகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கேமரா எங்கோ பின்னால் நின்றுவிட்டது. நான் அசையவில்லை.

பள்ளிவாசலடியில் பாங்கு சொல்லும் மோதினார், "ஆர்ர மையத்து இது?" என்று கேட்டார்.

"நான்தான் காக்கா" என்றேன்.

சந்தூக்கைப் போட்டுவிட்டு ஓடியவர்களில் இந்தப் பெரியவரும் ஒருவராம்.

"அதுக்குப் பொறகு நான் நடிச்சது ஏதும் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. ஒண்டு கேக்கணும். அண்டைக்குத் தோள் குடுத்தேனே, அந்த நன்மை எனக்குக் கிடைச்சிருக்குமா?"

"கொஞ்சம் பொறுங்க காக்கா. அடுத்த தடவை மிச்சத் தூரத்தையும் தூக்கினாச் சரி."

எண்பத்தைந்தைத் தாண்டிய என்னைவிட நாலு வயது மூத்த மனிதர், கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "ஓம், இன்ஷா அல்லாஹ்."

என் நடிப்பை நிஜமென்று நம்பிய கூட்டம் அது ஒன்றுதான். வேறு யாராவது இருந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள். கொஞ்சம் அவசரம்.