எரிமலை அடிவாரத்தில் கழற்றிய செருப்பு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன், போன வருடம் எங்களைப் பாலித் தீவுக்கு அழைத்துப் போனான். எரிமலை அடிவாரத்தில் பூவும் ஊதுபத்தியும் படைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் என் கணவர், விராலிமலைக் கோயிலுக்கு ஏறுவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"அப்பாவுக்குச் சக்கர இருக்குல்ல, கல்லு பூராம் கூரா கெடக்கு. நான் சொன்னா கேக்க மாட்டாரு, நீ சொல்லுப்பா" என்றேன்.

"விடும்மா, வீடியோவுக்கு நல்லாருக்கு" என்று சிரித்தபடி படம் பிடித்தான்.

மரத்துப்போன காலில் கல் கிழித்தது அவருக்குத் தெரியவேயில்லை. கந்தர்வக்கோட்டைக்குத் திரும்பியபின் புண் புரையோடி, மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மகன் போட்ட அந்த வீடியோவுக்கு இன்னும் சிரிக்கிறார்கள்.

இப்போதெல்லாம் மகன் வீடியோ காலில் வந்தால், போனை அவர் காலுக்கு நேராக நிறுத்திவைத்துவிட்டு, நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.