பட்டணம் காட்டிய கௌரியம்மாள்

திருத்தணியிலிருந்து விடியற்காலைப் பாசஞ்சரில் ஏறிப் பட்டணம் பார்க்கப் போகிறவர்களுக்காக சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் கௌரியம்மாள் காத்து நிற்பாள். 1939, 40 வாக்கில் இது வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. டிசம்பர் மாதம் பிறந்தால் ஊரிலிருந்து யாராவது ஒருவர் கார்டு எழுதிப் போடச் செய்வார். இன்ன தேதியில் இத்தனை பேர் வருகிறோம், பார்க்கில் பொருட்காட்சி போட்டுவிட்டார்களா என்று அதில் இருக்கும். கௌரியம்மாளுக்கு எழுத்து வராது. பட்டணத்துச் சூளையில் அவளும் புருஷனும் குடியிருந்த வரிசை வீட்டில் மாவு மிஷின்காரர் ஒருவர் படித்துச் சொல்வார்.

அவளும் திருத்தணிக்காரிதான். நந்தியாற்றங்கரைப் பக்கம் பிறந்தவள். சொந்த அத்தை மகனான வீரபத்திரனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பட்டணத்துக்குப் போனாள். வீரபத்திரனுக்கு மிருகக்காட்சி சாலையில் வேலை. அந்த நாளில் ஜனங்கள் அதை உயிர் காலேஜு என்பார்கள். எழும்பூரில் எலும்பும் பாடம் பண்ணிய விலங்குகளும் வைத்திருந்த மியூசியம் செத்த காலேஜு. புலிக் கூண்டு வரிசையைக் கழுவுவதும் கறி வெட்டிப் போடுவதும் வீரபத்திரனின் வேலை.

கௌரியம்மாள் வழி காட்டுவதில் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் உயிர் காலேஜு. வெயில் ஏறினால் மிருகங்கள் படுத்துவிடும் என்பது அவள் கணக்கு. பிறகு மூர் மார்க்கெட்டில் எதையும் வாங்கவிடாமல் ஒரு சுற்று. நடந்தே செத்த காலேஜு. அங்கே குழாயடியில் கட்டுசோறு. அப்புறம் டிராம் ஏறிக் கடற்கரை. கடைசியில், விளக்குப் போடுகிற நேரத்துக்குப் பொருட்காட்சி. அத்தனை மின்சார விளக்கையும் ஒரே சமயத்தில் பார்த்த திருத்தணிக்காரர்கள் ஊருக்குத் திரும்பிப் பல நாள் அதையே பேசுவார்கள்.

ஆனால் அவர்கள் ஆசையாகக் கேட்டு வந்து பார்த்தது வள்ளியைத்தான். வள்ளி ஒரு பெண்புலி. சர்க்கார் புத்தகத்தில் அதற்கு வெறும் நம்பர். வள்ளி என்று பேர் வைத்தது வீரபத்திரன். முருகன் வள்ளியைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட மலையின் கீழே பிறந்தவன், வேறு என்ன பேர் வைப்பான். ஊர்க்காரர்கள் கூண்டின் எதிரே கூடி நின்றதும் அவன் கைகளை வாயருகே குவித்து, "வள்ளீ" என்று இழுத்துக் கூப்பிடுவான். உள்ளறையில் படுத்திருக்கும் புலி எழுந்து வரும். கம்பியில் கன்னத்தைத் தேய்க்கும். "நம்ம ஊர்ப் பேருக்குத் திரும்பிப் பாக்குது பாத்தியா" என்று ஜனங்கள் பூரித்துப் போவார்கள். கௌரியம்மாள் சற்றுத் தள்ளி நின்று, புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

1942-இல் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானது. பங்குனி மாதத்தில் வீரபத்திரன் மனைவியையும் ஐந்து வயது மகள் அம்சாவையும் திருத்தணிக்கு ரயிலேற்றி அனுப்பினான். "அதுங்களுக்கு யாரு தீனி போடுவாங்க" என்று சொல்லித் தான் மட்டும் தங்கிவிட்டான். மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தான். கௌரியம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாவா, லீவு வுட்டாங்களா?"

"எல்லாத்தயும் சுட்டுட்டாங்க" என்றான். "குண்டு வுழுந்து கூண்டு ஒடஞ்சா ஊருக்குள்ள பூந்துடும்னு சர்க்கார் உத்தரவு. புலி, சிங்கம், கரடி, எல்லாம்."

"வள்ளிய?"

அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

திருத்தணி ஸ்டேஷனில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. ஒழுங்காகப் போனான், வந்தான். குடிக்கவில்லை, கோபப்படவில்லை. ஒரு மாற்றம் மட்டும் கௌரியம்மாளின் கண்ணில் பட்டது. அவன் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் கொல்லையில் இருந்தால், அங்கே நடந்து வந்து பக்கத்தில் நின்று விஷயத்தைச் சொல்வான். அம்சா தெருக்கோடியில் விளையாடிக்கொண்டிருந்தால், சாப்பிட அழைக்கத் தெருக்கோடி வரை போவான். மூட்டைக்காரர்கள், "என்னாய்யா, தொண்டை கட்டிகிச்சா" என்று கேலி செய்தார்கள். கௌரியம்மாளுக்கும் காரணம் தெரியவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவான் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அவள் தன் பங்குக்கு, மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்த பெருமாளிடம் மாலை கட்டும் வேலையில் சேர்ந்தாள். பட்டணத்து ஞாபகம் வராத நாளில்லை. டிராம் மணிச் சத்தம், மியூசியத்துத் திமிங்கில எலும்பு, கடற்கரைக் காற்று. ஆனால் வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டாள்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்து இரண்டாவது டிசம்பரில், பட்டணத்தில் பொருட்காட்சி பெரிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று ஊருக்குள் சேதி வந்தது. பெருமாளின் மனைவி குப்பம்மாள் பூக்கடையிலேயே பேச்சை எடுத்தாள்.

"கௌரி, நாங்க ஒம்போது பேரு கிளம்பிட்டம். நீ வந்தாத்தான் போவம். அங்க இறங்கினா எனுக்குக் கெழக்கு மேக்கு தெரியாது."

அன்று மாலை கௌரியம்மாள் புருஷனிடம் சொன்னாள். "அம்சாவுக்கு ஒம்போது வயசாவுது பாவா. அது பொறந்த ஊரு, அதுக்கு நெனப்பே இல்ல. நீ வர வாணாம். நான் இட்டுகினு போயி இட்டாறேன்."

"போய்ட்டு வாங்க" என்றான் அவன்.

மறுவாரம் அவர்கள் விடியற்காலை ஸ்டேஷனுக்குப் போனபோது அவன் ஷெட்டில் வேலையில் இருந்தான். பாசஞ்சர் வந்து நின்றது. எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். கார்டு விசில் ஊதிய பிறகு வீரபத்திரன் தலையில் கட்டியிருந்த சாக்குத் துணியை அவிழ்த்து உதறியபடி வந்து அதே பெட்டியில் ஏறினான். குப்பம்மாள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். திருவாலங்காடு தாண்டும்போது கௌரியம்மாள் தூக்குச் சட்டியைத் திறந்து அவனுக்கு இரண்டு இட்லி எடுத்துக் கொடுத்தாள்.

உயிர் காலேஜு வாசலில் அவன் நின்றுவிட்டான். சாப்பாட்டுக் கூடைகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வேப்பமர நிழலில் குந்தினான். கௌரியம்மாள் மற்றவர்களை உள்ளே அழைத்துப் போனாள். மான்களும் மயில்களும் குரங்குகளும் இருந்தன. கூண்டு வரிசையில் பாதி காலி. வள்ளியின் கூண்டில் புதிதாக ஒரு சிறுத்தைக்குட்டி இருந்தது. "இங்கதான அந்தப் புலி இருந்திச்சி?" என்று பெருமாள் கேட்டார். "ஆங்" என்று சொல்லிவிட்டு அவள் மேலே நடந்தாள்.

மூன்று மணிக்குள் பொருட்காட்சிக்கு வந்துவிட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. கைத்தறிச் சீலைக் கடைகள், மாங்கன்று ஒட்டுப்போட்டுக் காட்டும் பந்தல், காகித நிலாவில் உட்காரவைத்துப் படம் பிடிக்கும் கூடாரம், ஒலிபெருக்கியில் ஓயாத பேச்சு. கூட்டத்தில் தோளோடு தோள் இடித்தது. ரங்கராட்டினத்துக்கு முன்னால் குப்பம்மாள் ஏறலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கௌரியம்மாள் பக்கவாட்டில் கையை நீட்டினாள். அம்சா அங்கே இல்லை.

முதலில் அவள் பதறவில்லை. இரண்டு கடை பின்னால் போய்ப் பார்த்தாள். படம் பிடிக்கும் கூடாரத்தில் பார்த்தாள். அப்புறம்தான் "அம்சா, அம்சா" என்று கூப்பிட்டாள். ஒலிபெருக்கியின் சத்தத்தில் அவள் குரல் பத்தடி கூடப் போகவில்லை. பெருமாள் ஒரு பக்கம் ஓடினார். குப்பம்மாள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

வீரபத்திரன் ரங்கராட்டினத்தின் பக்கத்தில் கிடந்த மரப்பெட்டி ஒன்றின் மேல் ஏறினான். சுற்றிலும் தலைகள். அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கௌரியம்மாள் அவனைப் பார்த்தாள்.

"கூப்புடு பாவா. உன் கொரலுதான் எட்டும்."

அவன் இரண்டு கைகளையும் வாயருகே குவித்தான். "அம்சா" என்று கூப்பிட்டான். மனிதர்களைக் கூப்பிடுகிற மாதிரி இல்லை, அடிவயிற்றிலிருந்து இழுத்து வந்த கூப்பாடு. பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். மறுபடியும் கூப்பிட்டான். மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் ஒட்டுமாங்கன்றுப் பந்தலின் பின்பக்கத்திலிருந்து கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு அம்சா வந்தாள். அங்கே ஒருவர் குரங்கு பொம்மையைக் கயிற்றில் ஏறவைத்துக் காட்டிக்கொண்டிருந்தாராம். வந்தவள் நேரே அப்பனிடம் போய், அவன் காலைக் கட்டிக்கொண்டு கன்னத்தை வைத்தாள்.

"கூப்ட்டியா நைனா?"

வீரபத்திரன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். பிள்ளை கிடைத்த சந்தோஷம் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். கௌரியம்மாள் அப்படி நினைக்கவில்லை. அம்சாவைக் குப்பம்மாளிடம் கொடுத்து ரங்கராட்டினத்தில் ஏற்றச் சொல்லிவிட்டு, அவனைக் கடைகளுக்குப் பின்னால் இருந்த புல்தரைக்கு அழைத்துப் போனாள்.

புல்லில் உட்கார்ந்த பிறகு அவனே பேசினான்.

"அன்னிக்குக் காலைல கூண்டுக்குத் தண்ணி வுட்டுகினு இருந்தேன். துப்பாக்கிக்காரங்க வந்தாங்க. மத்ததெல்லாம் வெளியதான் இருந்திச்சி. வள்ளி மட்டும் உள் ரூம்புல மூலையில படுத்துகினு வரமாட்டேன்னிச்சி. அங்க இருட்டு. இருட்டுல சுட்டா எங்கனா பட்டுத் துடிக்கும், நீ கூப்ட்டா வரும் இல்ல, கூப்புடுன்னாரு அவங்கள்ல பெரியவரு."

அவன் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"கூப்ட்டேன். வந்திச்சி. தீனி எடுத்தாந்திருக்கேன்னு நெனச்சிகிச்சி. கம்பியாண்ட வந்து கன்னத்த வச்சித் தேய்ச்சிது."

கௌரியம்மாள் அவன் பக்கம் திரும்பவில்லை. நாலரை வருஷமாக அவன் தன்னிடம் நடந்து நடந்து வந்து நின்றதெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"எங்கிட்டக்கூடச் சொல்லாம எப்டி இருந்த பாவா?"

"சொன்னா நீ என்னிய இன்னான்னு நெனப்ப?"

அவள் யோசித்தாள். ஆறுதலுக்காக ஒன்றைச் சொல்லிவிடலாம். ஆனால் அவன் அதை நம்பமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

"தப்பில்லன்னு நான் சொல்லமாட்டேன். தப்புன்னும் சொல்லமாட்டேன். எனுக்குத் தெரியல" என்றாள். "துடிச்சிதா?"

"இல்ல. ஒரே வெடி."

"மத்ததுங்க?"

"ரெண்டு மூணு ரொம்ப நேரம் கெடந்து துடிச்சிதுங்க."

"அப்ப துடிக்காம இருக்கத்தான கூப்ட்ட."

அவன் எழுந்து போகவில்லை. இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் அம்சா ஓடி வந்து, ராட்டினத்தின் உச்சியிலிருந்து கப்பல் தெரிந்தது என்றாள்.

திரும்பும்போது ஸ்டேஷன் வாசலில் அவனுடைய பழைய கூட்டாளி சுந்தரமூர்த்தி எதிர்ப்பட்டார். இன்னும் மிருகக்காட்சி சாலையில்தான் இருந்தார். "புலி வரப்போவுதுன்னு பேசிக்கிறாங்க, ஆள் எடுப்பாங்க, வந்துடு" என்றார். "மூட்டையே போதும்ண்ணே" என்று வீரபத்திரன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். அவன் சிரித்ததைக் கௌரியம்மாள் மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

ஊரில் அவன் ஒரே நாளில் பழையபடி ஆகிவிடவில்லை. தை மாதத்தில் ஒருநாள் கொல்லையில் இருந்தவளை வாசலிலிருந்து "கௌரி" என்று கூப்பிட்டான். அவள் கையிலிருந்த சாணியோடு ஓடி வந்தாள். உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டான். அப்புறம் ஒரு மாதம் கூப்பிடவில்லை. பிறகு இன்னொரு நாள் கூப்பிட்டான்.

வருஷா வருஷம் டிசம்பரில் அவள் ஊர்க்காரர்களைப் பட்டணத்துக்கு அழைத்துப் போவது மறுபடி வழக்கமானது. 1949-இல் பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். கிளம்ப நாலு நாள் இருக்கும்போது மலைப்படியில் வழுக்கிக் கௌரியம்மாளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. வைத்தியர் மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, பத்து நாள் தரையில் ஊன்றக்கூடாது என்றார். போவதை நிறுத்திவிடலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, வீரபத்திரன், "நான் இட்டுகினு போறேன்" என்றான்.

கிளம்பிப் போன மறுநாள் அந்தியில் அவர்கள் திரும்பினார்கள். முதலில் வந்தவள் குப்பம்மாள்தான். "உன் வூட்டுக்காரரு காலுல சக்கரம் கட்டிகினு நடக்கிறாரு கௌரி. தண்ணி குடிக்கக்கூட நிக்க வுடல. அடுத்த வருசம் நீயே வா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் வந்து சுவரோரம் குந்தினான். அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். செத்த காலேஜுல மாடிக்குப் போனீங்களா? கடல்ல தண்ணி எட்ட இருந்திச்சா, கிட்ட இருந்திச்சா? இந்த வருசம் விளக்கு இன்னா மாதிரி போட்டிருந்தாங்க? அவன் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகச் சொன்னான். மயில் விரித்து ஆடியதாம். புதுசாக வந்த புலிகளை மற்றவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை தான் மயிலோடேயே நின்றுவிட்டதாகச் சொன்னான்.

"இன்னாவாம், பெரிசா புலிங்க?"

"நடுத்தரமாம். பெருமாள் சொன்னாரு."

அவள் பொருட்காட்சிக் கடைகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். இரண்டு மூன்று கேள்விக்கு அப்புறம் பதில் வரவில்லை. கட்டுப்போட்ட காலை மெல்ல நகர்த்தித் திரும்பிப் பார்த்தாள். தோளில் துண்டோடு, சுவரில் சாய்ந்தபடியே அவன் தூங்கிப் போயிருந்தான்.