சரிவையே சமமென்று நம்பிய விமானம்

போன ஞாயிற்றுக்கிழமை நான் விமானம் ஓட்டுவதைப் பார்க்க என் மனைவி முதல்முறையாக வந்தாள்.

பயப்பட வேண்டாம். ரிமோட்டில் பறக்கும் பொம்மை விமானம்தான். ஐம்பத்தாறு வயதில் எனக்கு வந்த வியாதி. முதல் இரண்டும் துண்டு துண்டாக வீடு திரும்பின. மூன்றாவதை வாங்கியபோது அவள் சொன்னது ஒரே வாக்கியம்: “இதும் ஒடஞ்சா, இத்தோட வுட்டுறோணுமுங்க.”

தலையாட்டினேன். வேறு வழி?

மூன்றாவதில் கைரோ இருந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, விமானத்தின் வயிற்றுக்குள். காற்று சாய்த்தால் அது நிமிர்த்தும். நான் தப்பாகத் திருப்பினால்... ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தால் போதும், தானே சமமாகிவிடும். ஆறு வாரமாக ஒரு கீறல் இல்லை. வீட்டில் ‘நல்லா ஓட்டுறேன்’ என்று சொல்லி வைத்திருந்தேன். பெட்டியைப் பற்றி ஏனோ பேச்சு வரவில்லை.

மஞ்சக்குட்டை பக்கம் ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் காயவைக்கும் சிமென்ட் களம்தான் எங்கள் ரன்வே. அங்கே கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கும் செல்வராஜ் பல வருடமாக விமானம் விடுகிறவர், என் கூட்டாளி. அன்றைக்குக் களம் முழுக்கப் பழம். அதனால் கீழே இருந்த புல்வெளிக்குப் போனோம். விமானத்தைப் புல்லில் வைத்து ஸ்விட்ச் போட்டேன். தூக்கி வீசினேன்.

அழகாக ஏறியது. இடது பக்கம் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. ரிமோட் குச்சியை வலது பக்கம் தள்ளினால் நிமிரும். விரலை எடுத்தால் மறுபடியும் இடது. மனைவி கைதட்டினாள். ஒவ்வொரு சுற்றிலும் காற்று அதைச் சில்வர் ஓக் மரங்களை நோக்கித் தள்ளிக்கொண்டு போனது.

“ஏனுங்க சார், எங்க வச்சு ஸ்விட்ச் போட்டீங்க?” என்றார் ரைட்டர்.

“இந்தப் புல்லுலதான்.”

“அட, இது சரிவுங்க! ஸ்விட்ச் போடறப்ப எப்படி இருக்குதோ, அதைத்தான் சமம்னு அது எடுத்துக்கும். கைரோவை ஆஃப் பண்ணிப்போட்டு நீங்களே ஓட்டுங்க.”

“நானா?”

“பின்ன யாருங்க?”

ரிமோட்டை அவரிடம் நீட்டினேன். “கை மாத்தறதுக்குள்ள மரத்துல மாட்டிக்குமுங்க” என்று பின்னால் நகர்ந்துகொண்டார்.

பெட்டியைக் குறை சொல்ல முடியாது. முதலில் எதைச் சமம் என்று காட்டினேனோ, அதைக் கடைசிவரை நம்பியது. நம்மில் பலர் அப்படித்தானே ஐம்பது வருடமாகச் சாய்ந்தே பறந்துகொண்டிருக்கிறோம்?

ஆஃப் செய்தேன்.

விமானம் குடித்தவன்போல ஆடியது. மூக்கைக் கவிழ்த்தது, எழுந்தது, மரத்தின் உச்சியை உரசாத குறையாகத் தாண்டியது. ஆனாலும், பொய் சொல்வானேன், அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாகிறது. கடைசியில் புல்லில் இறங்கி, ஒரு குட்டிக்கரணம் போட்டுப் படுத்தது.

மனைவி போய் எடுத்து, இரண்டு இறக்கைகளையும் தடவிப் பார்த்தாள்.

“ஒடையலீங்க” என்றாள். அப்பாடா!

“மொதல்ல நொம்ப நல்லா வட்டம் போட்டு ஓட்டுனீங்க. கடைசில என்னத்தைத் தொட்டுத் தொலைச்சீங்க?”

அந்தக் கடைசி ஒரு நிமிடம் மட்டும்தான் நான் ஓட்டியது. இதை உங்களிடம் சொல்லிவிட்டேன்... நான் வாராவாரம் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியை அவள் படிப்பதில்லை.