கண்டெடுத்தவர் முத்துத்தாய்

நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாயில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தபோது முத்துத்தாயின் மம்பட்டி எதிலோ மோதியது. கல்லில் பட்டால் வரும் சத்தம் அவருக்குத் தெரியும். இது கல் இல்லை. குனிந்து கையாலேயே மண்ணைத் தள்ளினார். ஆள் உட்காரும் அகலத்தில் ஒரு தாழி. உள்ளே மண்ணோடு மண்ணாக எலும்புகள்.

வேலைக்குப் பொறுப்பாக இருந்த சதீஸ்குமார் அதை உடைத்து அள்ளச் சொன்னான். அதிகாரிகள் வந்தால் வேலை நின்றுபோகும் என்றான். கூட இருந்த பெண்களுக்கும் அதே பயம். முத்துத்தாய் குழிக்குள்ளேயே தாழியை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

"இதுவும் ஒருத்தி பெத்த பிள்ளைதான். இத வெட்டச் சொல்றியா?"

எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் பஸ் ஏறித் திருச்சுழி தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்தார். மனு போய்விட்டது தெரிந்ததும் தாழியில் யாரும் கைவைக்கவில்லை. நாலாம் நாள் தொல்லியல்காரர்கள் வந்தார்கள். அன்றைக்கு முத்துத்தாய் ஊரில் இல்லை. கேட்ட விவரத்தையெல்லாம் சதீஸ்குமார்தான் சொன்னான்.

ஆறு மாதம் கழித்து அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். முத்துத்தாய் தன் தாழியைப் பார்க்கப் போனார். சுவர் முழுக்க உலகப் புகழ்பெற்ற கண்டுபிடிப்புகளின் படங்கள். சீனாவில் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்ட சுடுமண் வீரர்கள். சாக்கடல் பக்கத்துக் குகையில் ஆடு மேய்த்தவர்கள் எடுத்த பழைய சுருள்கள். நடுவில், கண்ணாடிக்குள் தாழி. அதன் கீழே ஓர் அட்டை: 'கண்டெடுத்தவர்: சதீஸ்குமார்.'

எட்டாம் வகுப்புவரை படித்தவர் அவர். இரண்டு தடவை வாசித்தார். உடம்பெல்லாம் கொதித்தது.

கண்காட்சி அதிகாரி ராஜகுருவிடம் நடந்ததைச் சொன்னார். தாலுகா ஆபீஸ் மனுவின் நகலையும் காட்டினார். ராஜகுரு வருத்தப்பட்டு, பெயரை அடித்துவிட்டு 'நூறு நாள் வேலைத் தொழிலாளர்கள்' என்று பேனாவால் எழுதினார். அதைப் பார்த்ததும் முத்துத்தாய்க்குக் கோபம் இன்னும் ஏறியது. சீனப் படத்தைக் கைகாட்டினார்.

"அங்கயும் விவசாயிகள்னுதான் போட்டிருக்கீக. அவுகளுக்குப் பேரு இல்லாமலா இருக்கும்? உடைக்கச் சொன்னவனுக்கு மட்டும் பேரு இருக்கு. காத்து உக்காந்தவளுக்கு இல்லையா?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ராஜகுரு புது அட்டை எடுத்து 'முத்துதாய்' என்று எழுதினார். விட்டுப்போன 'த்'தையும் போட வைத்து, அது ஒட்டப்படும்வரை முத்துத்தாய் நகரவில்லை.

சதீஸ்குமார் மூன்று வாரம் அவருக்கு வேலை தரவில்லை. அவர் விருதுநகர் போய்க் கலெக்டரிடம் மனு கொடுத்தார். விசாரணைக்குப் பிறகு வேலை கிடைத்தது. அவனைப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள்.

இனிமேலாவது அந்தக் கோபத்தை விடச் சொன்னாள் பக்கத்தில் மண் அள்ளிய மாரீஸ்வரி.

"அவன் பொய் சொன்னான், அதக்கூட விட்டுருவேன்," என்றார் முத்துத்தாய். "அத எழுதி, அச்சடிச்சு, ஒட்டுனவுக இத்தன பேரு. குழி வெட்டுனது யாருன்னு ஒருத்தருகூடக் கேக்கல."

மாரீஸ்வரி மண் சட்டியை நிரப்பினாள்.