கை நடுங்கிய காலம்

எழுபத்து நாலாம் ஆண்டு கொட்டாஞ்சேனையில் எல்லோருக்கும் பசி. பேக்கரியில் பாண் வாங்க விடியமுன்னே வரிசையில் நிற்க வேண்டும். அரிசி கூப்பனுக்குக் கிடைக்கும் அளவுதான். மிச்ச வயிற்றை மரவள்ளிக்கிழங்கு நிரப்பியது. அப்படிப்பட்ட காலத்தில் ஹியூபேட்டின் பசி மட்டும் வேறு மாதிரி இருந்தது.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். தகப்பன் அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு வளைந்துபோனவர். மகனோ உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரண்டு லீவர்களை அசைத்து, கப்பலின் அடிவயிற்றிலிருந்து கோதுமை மா மூட்டைகளைத் தூக்கிக் கரையில் வைத்தான். கீழே நின்று கைச்சாடை காட்டும் ஸாலிஹ் நானா, “ஹியூபேட் எறக்கினா தூசியும் எழும்பாது” என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் ஹியூபேட் கேட்காதவன்போல முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

வீட்டில் அவன் தன் பங்கைச் சாப்பிட்டான்; பிறகு மனைவி செலீன் தனக்கென்று மூடிவைத்ததையும் சாப்பிட்டான். ஒருநாள் மகள் கொன்ஸ்ரன்ஸின் தட்டில் இருந்த பாண் துண்டுக்குக் கை நீட்டினான். இவ்வளவு தின்றும் உடம்பு உருகிக்கொண்டே போனது. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மழைக்குளிரிலும் வியர்த்து வடிந்தது. படுத்தால், யாரோ கதவைத் தட்டுவதுபோல நெஞ்சு அடித்தது.

“வெளியில எங்கயாவது குடிக்கிறீங்களா? உண்மையச் சொல்லுங்க” என்றாள் செலீன்.

“ஓம், குடிக்கிறன். உன்ர தையல் மெசினை வித்துக் குடிக்கிறன்!” என்று அவன் கத்தினான். கத்திய பிறகு அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

பக்கத்து வீட்டு யோசெப்பின், “இது ஆரோ செய்த செய்வினை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிட்டக் கூட்டிக்கொண்டு போ” என்றாள். சந்திக் கடைக்காரர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஒரு டொனிக்கைக் கொடுத்தார். செலீன் கோயிலுக்கும் கூட்டிப்போனாள், டொனிக்கையும் கொடுத்தாள். நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒரு மாலை கொன்ஸ்ரன்ஸின் கை தவறித் தேநீர்க் கோப்பை உடைந்தது. ஹியூபேட் எழுந்து போய் அவள் கன்னத்தில் அறைந்தான். பிறந்ததிலிருந்து அவன் அடித்திராத பிள்ளை. அவள் அழவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் தன் கையைப் பார்த்தான். அது விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கையோடுதான் மறுநாள் கிரேனில் ஏறினான். ஸாலிஹ் நானா மெதுவாக இறக்கச் சொல்லி உள்ளங்கையைத் தாழ்த்தினார். ஹியூபேட்டின் விரல்கள் லீவரின்மேல் உதறின. வலைக்கட்டில் தொங்கிய மூட்டைகள் ஊஞ்சல்போல ஆடிப் போய்க் கப்பலின் விளிம்பில் மோதின. கட்டு சரிந்து மூட்டைகள் விழுந்தன. கீழே மா வெள்ளைப் புகையாக எழும்பியது. அந்தப் புகைக்குள் ஸாலிஹ் நானாவைக் காணவில்லை.

ஹியூபேட் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தான். புகை அடங்கியபோது, சுவரோரம் முழுக்க வெள்ளையாகிக் குந்தியிருந்தவர் எழும்பித் தலையைத் தட்டிக்கொண்டார்.

மேற்பார்வையாளர் ஏணியடிக்கு வந்து, இறங்கியவனின் வாயை முகர்ந்தார். “பீலாத?” என்றார் சிங்களத்தில். குடித்திருக்கிறாயா என்று கேட்கிறார். ஹியூபேட் இல்லையென்று தலையாட்டினான். கை நடுங்குவதைக் கண்ட மனிதர் நம்பவில்லை. டொக்டரிடம் காட்டிச் சுகமாகி வரும்வரை கிரேனில் ஏறக்கூடாது என்றார்.

ஸாலிஹ் நானாதான் வாசல்வரை கூட வந்தார். “ஹியூபேட், ஒங்கட கழுத்தக் கண்ணாடில பாத்தீங்களா? எங்கட மருமகளுக்கும் இப்பிடித்தான் வீங்கி ஈந்த. வெள்ளவத்தையில ஒரு லேடி டொக்டர்தான் சொகமாக்கின. போய்க் காட்டுங்க.”

“நானா, நான் உங்களைக் கொல்லப் பாத்தன்.”

“கொல்லல்ல தானே. போங்க.”

டொக்டர் ஜெகதீஸ்வரியின் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. அவர் அதிகம் கதைக்கவில்லை. “கையை நீட்டுங்கோ” என்று, நீட்டிய விரல்களின்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடத்தது. ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொன்னார். விழுங்கும்போது கழுத்தின் முன்புற வீக்கமும் கூடவே ஏறி இறங்கியதைச் செலீன் அப்போதுதான் கவனித்தாள்.

“நரம்புத் தளர்ச்சியா டொக்டர்?” என்றாள்.

“நரம்பிலை பிழையில்லை. நரம்பு மூளையின்ரை சொல்லைக் கண்மூடித் திறக்கமுந்திக் கொண்டுபோய்க் குடுக்கும். ஆனா உடம்புக்கு இன்னொரு வழியும் இருக்கு. சுரப்பிகள் தங்கடை சரக்கை இரத்தத்திலை விடும். அது ஆறுதலாப் போனாலும் எல்லா இடத்துக்கும் போகும். உங்கடை கழுத்திலை இருக்கிற தைரொயிட் சுரப்பிதான் உடம்பு எவ்வளவு வேகமா எரியவேணும் எண்டு தீர்மானிக்கிறது. மூளைக்குக் கீழை பயறளவிலை இன்னொரு சுரப்பி இருந்து அதை அடக்கி வைச்சிருக்கும். இப்ப உங்கடை தைரொயிட் அதின்ரை சொல்லைக் கேக்குதில்லை. அளவுக்கு மிஞ்சிச் சுரக்குது. அதுதான் பசி, வியர்வை, படபடப்பு, கோபம், நடுக்கம் எல்லாம்.”

ஹியூபேட் யோசித்தான். “சிக்னல்காரர் நிப்பாட்டச் சொன்ன பிறகும் கிரேன் ஓடுற மாதிரி.”

“ஓம். அப்பிடித்தான்.”

மாத்திரை சில மாதங்கள் உதவியது. பிறகு மாத்திரைக்கே தட்டுப்பாடு வந்தது, வீக்கமும் பெருத்தது. சுரப்பியை வெட்டி எடுப்பதுதான் வழி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாடித்துடிப்பு அடங்கவென்று அயடீன் துளிகளைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். சத்திரசிகிச்சை செய்யவிருந்த டொக்டர், குரலுக்கான நரம்பு அந்தச் சுரப்பிக்குப் பின்னால் ஒட்டியபடி போகிறது, அது பழுதுபட்டால் குரல் போகலாம் என்று மறைக்காமல் சொன்னார். அதன்பிறகு ஹியூபேட் வீட்டில் யாரோடும் பேசவில்லை. இருக்கிற குரலைச் செலவழிக்க அவனுக்குப் பயமாக இருந்தது.

சத்திரசிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்தபோது, “பேரைச் சொல்லுங்க” என்று டொக்டர் கேட்டார்.

“ஹியூபேட்.” கரகரப்பாக, ஆனால் வெளியே வந்தது. செலீன் வார்டுச் சுவரில் சாய்ந்து அழுதாள்.

ஆபத்து அதோடு தீர்ந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மறுநாள் பார்வையாளர் நேரத்தில் ஹியூபேட், “உதட்டைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு” என்றான். விரல் நுனிகளும் விறைத்தன. குளிரால் இருக்கும் என்று செலீன் கையைத் தேய்த்துவிட்டாள். அந்நேரம் வார்டுத் தாதியான மிஸ்ஸி பிரஷர் பார்க்க வந்து, மேற்கையில் பட்டியைச் சுற்றிக் காற்றை அடித்தாள். பட்டி இறுக இறுக, அவன் மணிக்கட்டு தானாக மடிந்தது. விரல்கள் நீண்டு ஒன்றோடொன்று சேர்ந்து, பெருவிரல் உள்ளங்கைக்குள் புகுந்துகொண்டது. அவன் விரிக்கப் பார்த்தான். அது அவன் கையே இல்லைபோல இருந்தது.

“பாரிசவாதம்! ஒரு பக்கம் இழுத்திட்டுது!” என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

மற்றக் கையும் மடங்கியது. தொண்டை இறுகி, மூச்சை இழுக்கும்போது விசில் சத்தம் வந்தது. மிஸ்ஸி பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு டொக்டரைக் கூப்பிட ஓடினாள். செலீன் அந்த விறைத்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டு, “என்னப் பாருங்க, என்ன மட்டும் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் கண்கள் பிதுங்கின. சாகப்போகிறோம் என்ற எண்ணத்தோடு, நான் அடித்த பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறேனே என்ற எண்ணமும் அவனுக்கு வந்தது.

டொக்டர் ஓடிவந்து இரத்த நாளத்தில் ஊசியைப் போட்டு, மருந்தை மெல்ல மெல்லச் செலுத்தினார். ஹியூபேட்டுக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. பெருவிரல் முதலில் விலகியது. பிறகு மற்ற விரல்கள். மூச்சின் விசில் அடங்கியது.

“கல்சியம்” என்றார் டொக்டர், நெற்றியைத் துடைத்தபடி. “தைரொயிட்டுக்குப் பின்னால அரிசி மணி மாதிரி நாலு சின்னச் சுரப்பி இருக்கு. இரத்தத்தில கல்சியத்தை அளவா வச்சிருக்கிறது அதுகள்தான். வெட்டேக்க அதுகள் அதிர்ந்து போயிருக்கும். கல்சியம் குறைஞ்சா நரம்பு ஆருடைய சொல்லும் இல்லாமலே தசையை இழுக்கும். அதுகள் திரும்ப வேலை செய்யும், பயப்படாதீங்க.”

அவை வேலை செய்தன. வீடு திரும்பிய ஹியூபேட்டுக்கு உடம்பில் சதை பிடித்தது. குரலில் கொஞ்சம் கரகரப்பு மட்டும் தங்கிவிட்டது. துறைமுகத்தில் முதலில் வெறும் கொக்கியை ஏற்றி இறக்க விட்டார்கள், பிறகு பாரத்தோடு. மேற்பார்வையாளர் ஏணியடியை விட்டு நகரவில்லை. ஸாலிஹ் நானா மட்டும் பாரத்துக்கு மிகக் கிட்ட, வேண்டுமென்றே, நின்றார்.

வீட்டுக் கணக்கு அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. பரணிலிருந்து எதையாவது எடுக்க அவன் கையை உயர்த்தினால் கொன்ஸ்ரன்ஸ் தலையை ஒதுக்கினாள்.

“அடிச்சது நானோ, அந்தச் சுரப்பியோ?” என்று செலீனிடம் கேட்டான்.

செலீன் தையலை நிறுத்தினாள். “அது எனக்குத் தெரியாது. அவளுக்குப் பட்டது உங்கட கை. என்னட்டக் கேட்டுக்கொண்டிருக்காம அவளிட்டப் போய்க் கதைங்க.”

அவன் போனான். மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கழுத்துத் தழும்பைக் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னான். நோயைச் சாட்டித் தப்பிக்கொள்ளவில்லை. அடித்தது பிழை என்றான். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நோகுதா?” என்றாள்.

“இப்ப இல்லை.”

அவள் தழும்பைத் தொடவில்லை. எழும்பியும் போகவில்லை.