விலாசம் எழுதிய வேண்டுதல்

எந்த மனுவுக்கும் பதினான்கு நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பது நான் முப்பது வருடம் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோரின் விதி. லண்டன் பேராலயத்தில், மெழுகுதிரிகளுக்கு அருகே நின்று, வேண்டுதல் சீட்டில் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவியின் பெயரை எழுதுகிறேன். ஏழு மாதமாக அவளிடமிருந்து கடிதம் இல்லை. கீழே என் நோர்பரி வீட்டு விலாசத்தையும் எழுதுகிறேன்.

பேராலயக் காவலாளி நம்மவர், தமிழர். எட்டிப் பார்க்கிறார்.

"ஐயா, பேர் மட்டும் காணும். விலாசம் என்னத்துக்கு?"

"பதிலை எங்கை அனுப்புவினம், தம்பி?"

"இவையள் பதில் போடுறேல்லை, ஐயா."

"அப்ப எங்கட கந்தோர் மாதிரித்தான்."

சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்துகிறார். சீட்டை வாங்கித் தானே பெட்டியில் போடுகிறார். நான் வழக்கம்போல இன்னொரு சீட்டில் பிரதி எடுத்து, பெப்ரவரி 25 என்று திகதி போட்டுச் சட்டைப்பையில் வைக்கிறேன்.

பிரதியின் மூலையில் நான் பிறகு குறித்தது: அவளுடைய கையெழுத்திலேயே பதில் கிடைத்தது, மார்ச் 9.