வீரலட்சுமி கேட்ட மருந்துப் பெட்டி

சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் உள்ள தேனப்பனின் தேங்காய் நார் மில்லில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று வீரலட்சுமி முதலாளியிடம் கேட்டாள்.

அதற்கு முன் ஒன்பது வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தவள். அங்கே ஒவ்வொரு தையல் வரிசைக்கும் ஒரு பெட்டி உண்டு. வருடத்துக்கு ஒருமுறை வேலை நேரத்திலேயே முதலுதவிப் பயிற்சி கொடுப்பார்கள். அவளும் சான்றிதழ் வாங்கியிருந்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் ஊருக்குத் திரும்பினாள்.

"என் பீரோவுல பத்திரமா இருக்குத்தா. வெளிய வச்சா ஆளுக்கொண்ணா எடுத்துட்டுப் போயிருவாக" என்றார் தேனப்பன்.

"சாவி?"

"என்கிட்ட."

"நீங்க வெளியூர் போயிட்டீகன்னா?"

அவர் சிரித்தார். "பத்து வருசமா மில்லு ஓடுது. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை."

அது உண்மையில்லை. நகம் பிய்ந்தவர்களும் கண்ணில் தூசி விழுந்தவர்களும் இருந்தார்கள். துணியைச் சுற்றிக்கொண்டு அவர்கள் வேலையைத் தொடர்ந்ததால் விஷயம் அவர் காதுக்கு எட்டவில்லை.

ஆவணியில் ஒரு காலை, பத்தரை மணி இருக்கும். தேங்காய் மட்டையை மெஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்த செம்மலையின் வலது கை உள்ளே சிக்கியது. யாரோ சுவிட்சை அணைத்தார்கள். கையை வெளியே எடுத்தபோது முன்கைச் சதை கிழிந்து ரத்தம் கொட்டியது. உடன் வேலை பார்க்கும் மீனாள் டீக்கடைக்கு ஓடி ஒரு கை காப்பித்தூளோடு வந்தாள்.

"காயத்துல அதப் போடாத. அங்குட்டுக் கொட்டு" என்றாள் வீரலட்சுமி.

செம்மலையைத் தரையில் படுக்க வைத்து, கையைத் தூக்கிப் பிடித்தாள். தன் பையிலிருந்த துவைத்த துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து இறுக்கி அழுத்தினாள். துண்டு நனைந்ததும் அதை எடுக்காமல் அதன் மேலேயே மீனாளின் துண்டையும் வைத்தாள்.

"செத்துருவேனாத்தா?"

"சாக மாட்டீக அண்ணே. என்னையவே பாருங்க. எந்திரிக்காதீக."

நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதுவரை அவள் அழுத்தத்தை விடவில்லை. தேனப்பன் காரைக்குடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பீரோ பூட்டியிருந்தது.

சரியான நேரத்தில் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் செம்மலையின் மனைவி மில்லுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னாள்.

முதலாளி திரும்பி வந்து பீரோவைத் திறந்தபோது பெட்டியில் பஞ்சு மஞ்சளாகிப் போயிருந்தது. மருந்துகள் காலாவதியாகி நாலு வருடம். தேனப்பன் புதுப் பெட்டி வாங்கி வாசல் சுவரில் மாட்டினார். தொழிற்சாலை ஆய்வாளர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் வீரலட்சுமியைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கும் பெட்டி இங்கதான் இருந்துச்சுன்னு சொல்லிரு. நீதான் அதுக்குப் பொறுப்புன்னு போன மாசத் தேதியில எழுதியிருக்கேன்."

"பொறுப்ப எடுத்துக்கிறேன் மொதலாளி. இன்னைக்குத் தேதி போடுங்க."

ஆய்வாளர் கேட்டபோது நடந்ததை நடந்தபடி சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வேலை நேரம் முழுக்க எல்லோர் கைக்கும் எட்டும்படி பெட்டி இருக்க வேண்டும், பயிற்சி பெற்றவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு பெட்டியைப் பூட்டி வைத்ததற்கு விளக்கம் கேட்டுத் தேனப்பனுக்கு நோட்டீசும் வந்தது.

இரண்டு வாரம் தேனப்பன் அவளோடு பேசவில்லை. வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று அவள் தினமும் எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. மூன்றாவது வாரம், மீனாள் உட்பட நான்கு பேர் சிவகங்கைக்குப் பயிற்சிக்குப் போக வேன் ஏற்பாடு செய்திருப்பதாகச் சொல்லியனுப்பினார்.

"அன்னைக்குச் சம்பளம் உண்டான்னு கேளுக்கா" என்றாள் மீனாள்.

வீரலட்சுமி உள்ளே போனாள். "நீங்க அனுப்பித்தான போறாக. அதுவும் வேலதான?"

தேனப்பன் தலையை நிமிர்த்தாமல், "சரி, உண்டுன்னு சொல்லு" என்றார்.

செம்மலை நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. இப்போது மெஷின் பக்கம் போகாமல், லாரியில் நார்க்கட்டு ஏற்றுகிற இடத்தில் நின்று எண்ணிக்கை பார்க்கிறார்.